அரை மீற்றரில் இருக்கிறது விசயம்: மட்டக்களப்பு, அம்பாறை நிலத்தின் டிஜிட்டல் தரை மாதிரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மாரியிலும் மட்டக்களப்பு வாவி மேவத் தொடங்கியதும் எனக்கு ஃபோன் வரத் தொடங்கும். வரைபட வேலையும் ட்ரோன் அளவையும் செய்கிறவன் என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கிற பிள்ளைகள், வட்டை விதானைமார் (ஒரு வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, தண்ணீர் பங்கிடுகிற பொறுப்பாளர்கள்), வீதி வேலை பார்க்கிற பொறியியலாளர்கள், வீடு கட்டக் காணி வாங்கப் போகிறவர்கள் என்று பலர். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் தனித்தனியே சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்முடைய கரையோரச் சமவெளிக்கு, அரை மீற்றர் மேட்டையும் அரை மீற்றர் பள்ளத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த தரை மாதிரி ஒன்று வேண்டும். அது பூட்டிய அலுமாரிக்குள் இல்லாமல் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும்.

டிஜிட்டல் தரை மாதிரி என்றால் என்ன? வரைபடம்தானே?

வரைபடம் ஒரு படம். தரை மாதிரி எண்களின் தொகுப்பு. ஒரு வயல்வெளியைச் சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் "இந்த இடம் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீற்றர்" என்று ஓர் எண் எழுதி வைத்தால் அதுதான் தரை மாதிரி. கட்டத்துக்குப் பதிலாக, அளந்த புள்ளிகளை முக்கோணங்களால் இணைத்தும் செய்யலாம். அணைக்கட்டு, வாய்க்கால், வரம்பு போன்ற கூர்மையான விளிம்புகள் முக்கோண முறையில் நன்றாக வரும்.

எண்ணாக இருப்பதால் கணக்குப் போடலாம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், ஒரு குளத்தில் இன்னும் ஒரு அடி ஏறினால் எத்தனை ஏக்கர் மூழ்கும், வீதி போடுவதற்கு எத்தனை கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி) மண் நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் இந்த எண்களிலிருந்துதான் வருகின்றன.

யார் தொடங்கியது இதை?

அமெரிக்காவின் எம்ஐடியில் சார்ல்ஸ் மில்லர் என்ற பொறியியலாளரும் அவருடைய சக ஆய்வாளர் ஒருவரும் 1958இல் இந்தப் பெயரோடு கட்டுரை எழுதினார்கள். நெடுஞ்சாலை எந்த வழியாகப் போனால் மண் வெட்டும் செலவு குறையும் என்று கணினியில் பார்ப்பதுதான் அவர்களுடைய தேவை. வெள்ளமும் சுனாமியும் பின்னால் வந்து சேர்ந்த பயன்கள்.

தரை மாதிரி, மேற்பரப்பு மாதிரி என்று இரண்டு சொல்கிறார்களே. என்ன வித்தியாசம்?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மேலிருந்து பார்க்கிற எந்தக் கருவியும் முதலில் சந்திப்பது தரையை அல்ல, தரைக்கு மேலே நிற்பதை. கல்லடியிலிருந்து நாவலடி வரை போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு மணல் நாக்கு. அதன் மேல் தென்னை. மேலிருந்து பார்க்கிற ராடருக்குத் தென்னோலைதான் முதலில் தெரியும். தென்னை நெருக்கமாக நிற்கிற இடத்தில் அது சொல்லும் உயரம் மரத்தின் தலைக்கும் மணலுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். இது மேற்பரப்பு மாதிரி. மரம், வீட்டுக் கூரை, பாலம் எல்லாவற்றையும் கழித்து, வெறும் மண்ணை மட்டும் காட்டுவது தரை மாதிரி.

இலவசமாக இறக்குகிற கோப்புகளில் மிகப் பெரும்பாலானவை மேற்பரப்பு மாதிரிகள். அதை அறியாமல் வெள்ள வரைபடம் செய்தால், தென்னந்தோப்புகள் எல்லாம் குன்றுகளாகி, அங்கே இருக்கிற வீடுகள் பாதுகாப்பானவை என்று கணினி சொல்லும். 2004 டிசம்பர் 26 அன்று அந்த மணல் நாக்கில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இலவசமாகக் கிடைப்பவை எவை?

மூத்ததும் பெயர் பெற்றதும் எஸ்ஆர்டிஎம். 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றியபடி, 60 மீற்றர் நீளக் கம்பத்தின் இரு முனைகளிலும் ராடர் அன்ரெனாக்களை வைத்து அளந்தது. வடக்கே 60 பாகையிலிருந்து தெற்கே 56 பாகை வரை உள்ள நிலம் முழுக்க வந்துவிட்டது. நமக்கு முதலில் 90 மீற்றர் கட்டமாகத்தான் தந்தார்கள். 30 மீற்றர் கட்டம் 2014க்குப் பிறகுதான் கிடைத்தது.

ஒரு விசயத்தைக் கவனியுங்கள். பெப்ரவரி என்பது நமக்குப் பெரும்போக அறுவடைக் காலம். சில வட்டைகளில் நெல் நின்றிருக்கும், சிலவற்றில் அறுத்திருக்கும், பள்ளக் காணிகளில் தண்ணீர் கிடந்திருக்கும். அந்த ஒரு பதினொரு நாள் நிலைமையைத்தான் கால் நூற்றாண்டாக எல்லோரும் "மட்டக்களப்பின் தரை" என்று பாவித்து வருகிறோம். சுனாமிக்கு முந்திய கரை அது. அதற்குப் பிறகு போட்ட எத்தனையோ வீதிகளும் அணைகளும் அதில் கிடையாது.

ஜப்பானின் ஆலோஸ் செய்மதிப் படங்களிலிருந்து செய்த 30 மீற்றர் மாதிரி 2015இலிருந்து கிடைக்கிறது. இப்போது நான் முதலில் கையில் எடுப்பது ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் 30 மீற்றர் மாதிரி. ஜேர்மனியின் டான்டெம்-எக்ஸ் என்ற இரட்டைச் செய்மதிகள் 2011க்கும் 2015க்கும் இடையில் அளந்ததிலிருந்து வந்தது. எஸ்ஆர்டிஎம்மை விடச் சுத்தமானது. ஆனால் இதுவும் மேற்பரப்பு மாதிரிதான். பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு 2022இல் இதிலிருந்து மரங்களையும் கட்டடங்களையும் இயந்திரக் கற்றல் மூலம் கழித்து ஃபேப்டெம் என்ற மாதிரியை வெளியிட்டது. வணிகம் அல்லாத பாவனைக்கு இலவசம். மாணவர்கள் ஆய்வுக்கு இதை எடுக்கலாம்.

30 மீற்றர் கட்டம் என்றால் நல்ல நுணுக்கம்தானே? நமக்கு ஏன் போதாது என்கிறீர்கள்?

ஒரு கட்டம் 900 சதுர மீற்றர், கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அது பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை உயரத்தில்.

பரவலாகப் பாவிக்கிற எஸ்ஆர்டிஎம் கோப்பில் உயரம் முழு மீற்றராக மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. 2 இருக்கும், 3 இருக்கும், நடுவில் எதுவும் இல்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வட்டையின் குறுக்கே கோடு கிழித்துப் பார்த்தால் 3, 3, 2, 4, 3, 5, 3, 2 என்ற மாதிரி வரிசை வரும். அந்த 5 ஒரு மேடா, ஒரு மருத மரமா, ராடர் இரைச்சலா என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதே கோட்டில் நீங்கள் வரம்பில் நடந்து போனால் கண்ணுக்கு ஒரே மட்டம். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் ஓடும். சமவெளி வாய்க்கால் ஒன்றை ஐயாயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் வெட்டினால், ஒரு கிலோமீற்றருக்கு இறக்கம் 20 சென்ரிமீற்றர். ஒரு சாண் அளவு. முழு மீற்றரில் எழுதிய கோப்பு அந்தச் சாணை எப்படிப் பார்க்கும்?

கோப்பர்நிக்கஸ் தசமத்தில் எழுதுகிறது. ஆனாலும் அதற்கு வாக்களிக்கப்பட்ட துல்லியம் 90 வீதமான இடங்களில் 4 மீற்றருக்குள் பிழை என்பதுதான். மலைநாட்டில் 4 மீற்றர் பெரிதல்ல. இங்கினியாகலைக்கு மேலே உள்ள மலைகளில் சேனாநாயக்க சமுத்திரத்துக்கு நீர் வருகிற பரப்பைக் கணக்கிட இந்தக் கோப்புகள் தாராளமாகப் போதும், நானே பாவித்திருக்கிறேன். அந்த நீர் கீழே இறங்கி, சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களுக்கு வந்த பிறகுதான் கோப்பு கண்ணை மூடிக்கொள்கிறது.

வாவிக்கும் கடலுக்கும் இடையே எழுவான்கரையில் ஒரு கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மழைநீரை வாவிக்குக் கொண்டுபோக ஒரு வடிகான் வரைந்தார்கள். யார் என்பது இங்கே தேவையில்லை. இலவச மாதிரியில் கடற்கரைப் பக்கம் உயரம், வாவிப் பக்கம் தாழ்வு, நடுவில் 3 மீற்றர் இறக்கம். வரைபடத்தில் அழகாக ஓடியது. கட்டி முடிந்த பிறகு முதல் மழையில் தண்ணீர் நடுவில் நின்றது. என்னைக் கூப்பிட்டார்கள். லெவல் கருவியை (மட்டம் பார்க்கிற தொலைநோக்கி) வைத்து ஸ்டாஃப் (அளவுகோல்) பிடித்துப் பார்த்தபோது முழு நீளத்துக்கும் உண்மையான இறக்கம் ஒரு முழம்கூட இல்லை. மிச்சமெல்லாம் தென்னை. அந்த வடிகானில் இப்போதும் பாசி பிடித்த தண்ணீர் நிற்கிறது, நுளம்பு பெருகுகிறது. அந்த வீதியில் இருக்கிற பிள்ளைகளுக்கு டெங்கு வந்தால் அதில் ஒரு பங்கு அந்தக் கோப்புக்கும் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

என் ஃபோன் வாவிக்கரையில் நிற்கும்போது மைனஸ் 90 மீற்றருக்கு மேல் காட்டுகிறது. ஃபோன் பழுதா?

பழுதில்லை. ஜிபிஎஸ் அளப்பது கடல் மட்டத்திலிருந்து அல்ல. பூமியை வழுவழுப்பான ஒரு கணித உருண்டையாக எடுத்து, அதன் மேற்பரப்பிலிருந்து அளக்கிறது. உண்மையான கடல் அப்படி வழுவழுப்பாக இல்லை. ஈர்ப்பு கூடிய இடத்தில் மேலேயும் குறைந்த இடத்தில் கீழேயும் இருக்கும். உலகத்திலேயே ஈர்ப்பு மிகக் குறைந்த பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. அங்கே கடல், அந்தக் கணித உருண்டையை விட 100 மீற்றருக்கும் மேல் தாழ்ந்து நிற்கிறது. நாம் அந்தப் பள்ளத்தின் சரிவில் இருக்கிறோம். அதனால் திருத்தம் போடாத செயலி மட்டக்களப்பில் மைனஸ் 90 சொச்சம் காட்டும்.

சிரித்துவிட்டுப் போகிற விசயம் இல்லை இது. ட்ரோன் தருகிற உயரம் ஒரு கணக்கில், நில அளவைத் திணைக்களத்தின் பெஞ்ச்மார்க் (உயரம் அளந்து வைத்த அடையாளப் புள்ளி) இன்னொரு கணக்கில், செய்மதி மாதிரி மூன்றாவது கணக்கில் இருக்கும். 90 மீற்றர் வித்தியாசம் என்றால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். எஸ்ஆர்டிஎம்மும் கோப்பர்நிக்கஸும் பாவிக்கிற கடல் மட்டக் கணக்குகள் இரண்டும் வேறு. அப்படி வருகிற சின்ன வித்தியாசம்தான் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டு வேலையைக் கெடுக்கும். எந்தக் கோப்பை வாங்கினாலும் முதல் கேள்வி "இது எதிலிருந்து அளந்த உயரம்?" என்பதாக இருக்கட்டும்.

கூகுள் ஏர்த்தில் உயரம் பார்த்துக் காணி வாங்கலாமா?

வேண்டாம். பக்கத்து வீட்டுச் சுவரில் போன வெள்ளத்தின் கறை எத்தனை அடியில் இருக்கிறது என்று பாருங்கள். அது அதைவிட நம்பகமானது.

லைடார் என்கிறார்கள். அது எப்படித் தென்னையைத் தாண்டித் தரையைப் பார்க்கிறது?

விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ லேசர் ஒளியைச் செக்கனுக்கு இலட்சக்கணக்கான துடிப்புகளாகக் கீழே அனுப்பி, திரும்பி வருகிற நேரத்தை அளப்பதுதான் லைடார். தென்னந்தோப்புக்குள் மத்தியானத்தில் நின்றால் தரையில் வெயில் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கும் அல்லவா? அந்த ஓட்டைகளுக்குள்ளால் லேசரும் நுழையும். ஒரே துடிப்பு ஓலையில் ஒரு தடவை, தரையில் ஒரு தடவை என்று பல தடவை பதில் தரும். கடைசியாக வந்த பதில்களைப் பொறுக்கி எடுத்து, தரை எது, செடி எது என்று வகைப்படுத்தினால் வெறும் மண் கிடைக்கும். திறந்த தரையில் பிழை 10, 15 சென்ரிமீற்றர் அளவில் நிற்கும். நான் கேட்கிற அரை மீற்றர் அதற்குச் சாதாரணம்.

இந்தத் துல்லியம் எதற்கு என்று கேட்டால், 2024 நவம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். அன்று காரைதீவு மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மேவியபோது, மத்ரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் உயிர் போனது. அந்த வீதியில் எந்த இடம் தாழ்வு, ஆற்றில் இத்தனை ஏறினால் வீதிக்கு மேல் எத்தனை அடி ஓடும் என்பது மழைக்கு முன்பே தெரிந்திருக்கக்கூடிய விசயம். நல்ல தரை மாதிரி ஒன்று இருந்தால், எந்த நீர்மட்டத்தில் வீதியை மூட வேண்டும் என்று ஒரு கம்பத்தில் சிவப்புக் கோடாகவே போட்டு வைக்கலாம்.

ட்ரோன் நீங்களே வைத்திருக்கிறீர்கள். ஊர் ஊராகப் பறக்கவிட்டு முடித்துவிடலாமே?

ஒரு வட்டைக்கு, ஒரு குளக்கட்டுக்கு, ஒரு பாடசாலை வளவுக்கு ட்ரோன் அருமையான கருவி. 100 மீற்றர் உயரத்திலிருந்து எடுத்தால் ஒரு பிக்சல் மூன்று சென்ரிமீற்றர் அளவில் வரும். ஆனால் மாவட்டம் முழுக்க ட்ரோன் என்பது நடக்காது. ஒரு பற்றரி இருபது, முப்பது நிமிடம்தான். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். அப்புறம், சாதாரணக் கமரா ட்ரோனுக்கும் தென்னையைத் தாண்டித் தரை தெரியாது. படங்களை ஒன்றோடொன்று பொருத்தித்தான் அது உயரத்தைக் கணக்கிடுகிறது. படத்தில் இல்லாத தரையை அது எங்கிருந்து எடுக்கும்?

வயலில் செய்யப் போகிறவர்களுக்கு என் அனுபவம் இது. காலத்தைத் தேர்ந்தெடுங்கள். சிறுபோகம் அறுத்து, பெரும்போகத்துக்கு உழுவதற்கு முன் வயல் காய்ந்து கிடக்கிற ஆகஸ்ட், செப்ரெம்பர் கிழமைகள்தான் நல்லவை. நெல் நின்றால் நெல்லின் உயரம் வரும், தண்ணீர் நின்றால் படங்கள் பொருந்தாது. படத்துக்குப் படம் முன்பக்கம் 80 வீதம், பக்கவாட்டில் 70 வீதம் மேவ வேண்டும். மிக முக்கியம், தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள். வெள்ளைப் பொலித்தீனில் கறுப்புச் சிலுவை ஒட்டி, மூலைகளிலும் நடுவிலும் வைத்து, அவற்றின் உயரத்தைத் தனியாக அளந்து கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மாதிரி நடுவில் கவிழ்த்த தட்டுப் போல வளையும். படத்தில் எல்லாம் கச்சிதமாக இருக்கும். நடுவில் முப்பது, நாற்பது சென்ரிமீற்றர் பொய்யாக ஏறியிருக்கும். தட்டையான வயலில் அந்தப் பொய் தண்ணீரையே திருப்பிவிடும்.

ஒரு தடவை காலையில் வைத்த புள்ளிப் பொலித்தீன் இரண்டை மாடுகள் இழுத்துப் போய்விட்டன. அந்த வட்டை விதானையார் வந்து, "தம்பி, இதெல்லாம் என்னத்துக்கு? அந்த மூலைக் காணிக்குத்தான் கடைசியில தண்ணி வடியும்" என்று கையைக் காட்டினார். மாலையில் மாதிரியைச் செய்து பார்த்தேன். அவர் காட்டிய மூலைதான் மிகத் தாழ்வு, மற்றக் காணிகளை விட 22 சென்ரிமீற்றர். அன்றிலிருந்து எந்த மாதிரி செய்தாலும், அந்த வட்டையில் தண்ணீர் கட்டுகிற ஒருவரிடம் காட்டாமல் நான் கொடுப்பதில்லை.

மாதிரியில் தண்ணீரை ஓடவிட்டால் பாலத்தில் முட்டி நிற்கிறது. ஏன், சேர்?

கணினிக்குப் பாலத்தின் மேல்தளம் மட்டும்தான் தெரியும், கீழே இருக்கிற வெளி தெரியாது. ஆகவே லைடாரிலும் ட்ரோன் மாதிரியிலும் கல்லடிப் பாலம் வாவிக்குக் குறுக்கே கட்டிய அணையாக மாறிவிடும். பாலத்தைக் கழித்துத் தண்ணீர் வழியை வெட்டிவிட வேண்டும். மண்முனை போல நீளமான மண்பாதையும் பாலமும் சேர்ந்த இடத்தில் கவனம்: மண்பாதை உண்மையிலேயே தண்ணீரைத் தடுக்கும், அதை வெட்டக் கூடாது, பாலத்தை மட்டும் வெட்ட வேண்டும். வீதிகளுக்குக் கீழே இருக்கிற மதகுகளும் இப்படித்தான். ஒவ்வொரு மதகாகப் போய்ப் பார்த்து, அகலம் அளந்து, அடைபட்டிருக்கிறதா என்று குறித்து வர வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் வெள்ள மாதிரி ஒன்று சரியா பிழையா என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

வாவியின் அடித்தளமும் மாதிரியில் வருமா?

தானாக வராது. செய்மதி மாதிரியில் வாவி ஒரு தட்டை. பச்சை லேசர் தெளிந்த நீருக்குள் போகும், நம் வாவியின் கலங்கல் நீரில் அதிகம் போகாது. தோணியில் எக்கோ சவுண்டரைக் கட்டிக்கொண்டு கோடு கோடாக ஓடித்தான் அளக்க வேண்டும். வாவியின் நீளமே 56 கிலோமீற்றர் அளவு என்றால் எத்தனை நாள் வேலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அது இல்லாமல், வாவி கடலோடு சேர்கிற, மணல் மூடிய முகத்துவாரத்தை எப்போது வெட்ட வேண்டும், வெட்டினால் எத்தனை மணித்தியாலத்தில் படுவான்கரை வயல்களில் தண்ணீர் இறங்கும் என்று யாராலும் கணக்கிட முடியாது. விவசாயிகள் வெட்டச் சொல்வதும் மீனவர்கள் பொறுக்கச் சொல்வதும் ஒவ்வொரு மாரியிலும் நடக்கிறது. இரு பக்கத்தாரும் ஒரே எண்ணைப் பார்த்துக் கதைக்கிற நிலை வரவேண்டும் என்பது என் ஆசை.

கடல் மட்டம் உயர்ந்தால் எங்கள் ஊர் மூழ்கும் என்று இணையத்தில் படம் பார்த்தேன். நம்பலாமா?

எந்த மாதிரியில் செய்த படம் என்று பாருங்கள். கிளைமேட் சென்ட்ரல் என்ற அமெரிக்க அமைப்பின் ஆய்வாளர்கள் 2019இல் எஸ்ஆர்டிஎம்மின் கரையோரப் பிழையைத் திருத்திப் பார்த்தபோது, உலகில் கடல் உயர்வால் பாதிக்கப்படக்கூடிய மக்கள் தொகை முன்பு நினைத்ததைப் போல் மூன்று மடங்காக வந்தது. கடலில் எதுவும் மாறவில்லை. தரை நாம் நினைத்ததை விடத் தாழ்வு என்பது தெரிய வந்தது, அவ்வளவுதான். நம் கரையில் கடலின் தினசரி ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே கடல் முப்பது சென்ரிமீற்றர் உயர்ந்தாலே நமக்கு அது பெரிய மாற்றம். அந்த முப்பதைக் காட்ட, நாலு மீற்றர் பிழையுள்ள படத்தால் முடியாது. பயப்படுத்தவும் முடியாது, ஆறுதல் சொல்லவும் முடியாது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே. அது இதையெல்லாம் திருத்திவிடாதா?

ஓரளவு திருத்துகிறது, இனி இன்னும் திருத்தும். ஃபேப்டெம் செய்ததே அதுதான். லைடார் உள்ள நாடுகளில் மரத்தின் உயரத்துக்கும் ராடர் பிழைக்கும் உள்ள தொடர்பைக் கற்று, லைடார் இல்லாத இடங்களில் கழிக்கிறது. ஆனால் வேறு நாட்டுக் காட்டில் படித்த பாடத்தை நம் தென்னைக்கும் கண்டலுக்கும் பனைக்கும் பொருத்துகிறது என்பதை மறக்கக் கூடாது. சராசரியில் சரியாக வரும். உங்கள் வட்டையில் சரியா என்று பார்க்கத் தரையில் அளந்த எண் வேண்டும்.

அதற்கு இப்போது ஒரு நல்ல வழி வந்திருக்கிறது. 2018இல் ஏவிய ஐஸ்சாட்-2 செய்மதி ஆறு லேசர் கோடுகளில், செக்கனுக்குப் பத்தாயிரம் துடிப்பு என்று பூமியை அளந்துகொண்டே போகிறது. பனிப்பாறைக்காக அனுப்பியதுதான், ஆனால் நம் வயல்களுக்கு மேலாலும் போகிறது. தட்டையான திறந்த தரையில் அதன் உயரம் சில பத்துச் சென்ரிமீற்றருக்குள் நிற்கும். தரவு இலவசம். முழு மாவட்டத்தையும் மூடாது, கோடுகள் மட்டும்தான். ஆனால் எந்த மாதிரியையும் பரீட்சித்துப் பார்க்க அந்தக் கோடுகள் போதும். இறுதி ஆண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற தம்பி, தங்கைமார் இதை எடுங்கள். க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளே போதும்.

இன்னும் பத்து ஆண்டில் என்ன மாறும் என்று நினைக்கிறீர்கள்?

மாதிரி ஒரு தடவை செய்து வைக்கிற பொருளாக இருக்காது என்று நினைக்கிறேன். நம் கரைக்கு அது கட்டாயம். ஒலுவில் துறைமுகத்தைப் பாருங்கள். 2013இல் திறந்தார்கள். வடக்கே நகர்ந்து கொண்டிருந்த மணலைத் துறைமுகம் மறித்தது. வாயில் மணல் நிரம்பியது, வடக்கே ஒலுவிலும் நிந்தவூரும் கரையை இழந்தன, தென்னைகள் வேரோடு கடலுக்குப் போயின. ஆண்டுக்கொரு தடவை அந்தக் கரையை லைடாரிலோ ட்ரோனிலோ அளந்து, இந்த ஆண்டுக் கோப்பிலிருந்து போன ஆண்டுக் கோப்பைக் கழித்தால், எத்தனை கியூப் மணல் எங்கிருந்து எங்கே போனது என்று நேராகத் தெரியும். இழப்பீடு கேட்கிற மீனவர் சங்கத்தின் கையில் அந்த எண் இருந்தால் கதை வேறு மாதிரிப் போகும்.

செய்மதிகளும் மாறுகின்றன. 2022 இறுதியில் ஏவிய ஸ்வொட், வாவி போன்ற நீர்ப்பரப்புகளின் மட்டத்தை வானத்திலிருந்தே அளக்கிறது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து 2025 யூலையில் அனுப்பிய நிசார், தரை மில்லிமீற்றர் கணக்கில் அமிழ்வதையும் எழும்புவதையும் பார்க்கும். ட்ரோனில் பொருத்துகிற லைடார் ஆண்டுக்கு ஆண்டு சிறிதாகிறது, மலிவாகிறது. கருவி இல்லை என்ற சாட்டு சீக்கிரம் போய்விடும்.

அப்படியானால் தடை என்ன? காசா?

காசும்தான். ஆனால் அதைவிட, ஒருவர் அளந்ததை இன்னொருவர் பார்க்க முடியாமல் இருப்பது. ஒரு திட்டத்துக்கு அளக்கிறார்கள், திட்டம் முடிந்ததும் கோப்பு ஒரு கணினியில் உறங்குகிறது, அடுத்த திட்டம் மறுபடி முதலிலிருந்து அளக்கிறது. நெதர்லாந்தில் கணிசமான நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து நாடு முழுவதையும் லைடாரில் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இங்கிலாந்தும் 2015இலிருந்து தன் லைடாரைத் திறந்துவிட்டது. ஒரு பாடசாலை மாணவிகூடத் தன் வீட்டு முற்றத்தின் உயரத்தைப் பார்க்கலாம். பொதுக் காசில் அளந்த பொது நிலத்தின் உயரம் பொதுவில் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பழைய ஆட்களுக்கு இதெல்லாம் தெரியாமல் எப்படி ஊர் அமைத்தார்கள்?

தெரிந்துதான் அமைத்தார்கள். நம் ஊர்ப் பெயர்களை வாசித்துப் பாருங்கள். புளியந்தீவு, வவுணதீவு, காரைதீவு, பாலமீன்மடு, சேத்துக்குடா, வெல்லாவெளி, மண்முனை. தீவு, மடு, குடா, வெளி, முனை என்று ஒவ்வொரு பெயரிலும் தரையின் வடிவம் இருக்கிறது. மடுவையும் குடாவையும் நிரப்பி வீடு கட்டத் தொடங்கியது நாம்தான்.

கணினி தெரியாத எங்களால் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், அதுவும் எங்களால் செய்ய முடியாத ஒன்றை. வெள்ளம் வடிந்ததும் சுவரில் ஒரு மண்ணிறக் கோடு நிற்கும். அந்தக் கோட்டின் மேல் விளிம்பில் ஆணியால் ஒரு கீறல் போடுங்கள். திகதி, நேரம் தெரிந்தால் பக்கத்தில் எழுதுங்கள். அடி மட்டம் வைத்து, வாசற்படியிலிருந்து அந்தக் கீறல் எத்தனை அங்குலம் என்று அளந்து, ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு எங்களைப் போன்ற ஒருவர் லெவலைக் கொண்டு வந்து அந்தப் படியின் உயரத்தைப் பெஞ்ச்மார்க்கோடு இணைத்துவிடுவார். ஒரு கிராமத்தில் இப்படி இருபது வீடு இருந்தால், எந்த வெள்ள மாதிரியையும் அதோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். செய்மதி தராத தரவு அது.

ஒன்றே ஒன்று. நம்மூரில் வெள்ளம் வருவது பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியில். தையில் பொங்கல். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிறதுக்கு முன்னமே அந்தக் கோட்டை அளந்துவிடுங்கள்.